காபிக் கோப்பை காட்டிய வண்டி

மார்ச் 3, திங்கள்

ஆற்றுப் பாலத்தில் விரிசல் விழுந்து போக்குவரத்தை நிறுத்திய வருஷம் இது. என் இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆன வருஷம். நான் கார் ஓட்டும் வீட்டு டாக்டரம்மாவுக்குக் கண் மங்கியதும், அவர் மகன் சின்னவர் புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதும் இதே வருஷம்தான்.

நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது.

சின்னவர் வண்டியோடு ஒரு நோட்டும் கொடுத்தார். "ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க டிரைவரண்ணே. எப்படி இருக்குன்னு தினமும் எழுதுங்க. சரிவரலைன்னா வேற ஆள் பாக்கறேன். நீங்களும் ரெஸ்ட் எடுக்க வேணாமா?"

வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாரே.

மார்ச் 4

கதவு மூடுகிற சத்தம் அழகு. தலையணையில் தட்டின மாதிரி. பள்ளத்தில் இறங்கினால் உடம்புக்குத் தெரிவதில்லை. என் முதுகு அதற்கு ஒரு கும்பிடு போடலாம். கிளச் இல்லாததால் இடது கால் வேலை இழந்து மரத்துப்போய்க் கிடக்கிறது. எஞ்சின் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. சிக்னலில் நின்றதும் தானாக அணைந்துவிட்டது. நாற்பத்தாறு வருஷத்தில் சிக்னலில் நான் வண்டியை அணையவிட்டதில்லை. அவமானமாகப் போயிற்று. பிரேக்கை விட்டால் தானே உயிர் வருகிறது.

சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டைச் சக்கரம் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது. நான் என் கை என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

கஷ்டம் ஒன்றுதான். பழைய வண்டியில் மீட்டரில் முள் ஏறும், சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். இது எல்லாவற்றையும் திரையில் எழுதிக் காட்டுகிறது. வழி சொல்லும் குரல் ஒன்று இருந்தது. "வண்டிக்குள்ள மூணாவது ஆள் எதுக்கு?" என்று அம்மா முதல் நாளே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் அவரே சின்னப் பிள்ளை மாதிரி வழியிலிருக்கும் பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வருவார். அந்தக் குணம் எனக்குப் பெரிய சௌகரியம். கண் மங்கியபின் படிப்பதில்லை.

எனக்கு எழுத்து தெரியாது என்று வீட்டுக்கு வெளியே தெரிந்தவர்கள் மூன்று பேர். தொழில் பழக்கிய மெக்கானிக். கையெழுத்துப் போடப் பழக்கிய லைசென்ஸ் ஏஜென்ட். பக்கத்து பங்களா டிரைவர். மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மார்ச் 6

அம்மாவோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். டிங் என்று சத்தம். திரையில் ஆவி பறக்கும் கோப்பைப் படம், கூடவே ஏதோ எழுத்து. பின்சீட்டில் பொத்தான் இருக்கும்போல, அம்மா காபி கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓரங்கட்டி வாங்கிவந்து கொடுத்தேன்.

"நான் கேக்கலையேப்பா."

"கேட்டீங்கம்மா."

குடித்தார். அரைமணியில் மறுபடி கோப்பை. மறுபடி காபி.

"ஏம்ப்பா, இன்னிக்கு என்னைத் தூங்கவிடக் கூடாதுன்னு சபதமா?"

மார்ச் 7

அலுப்பு. ஒன்றும் எழுத வேண்டாம்.

மார்ச் 10

அந்தக் கோப்பைப் படம் காபி கேட்பதற்காக இல்லையாம். டிரைவர் அசந்துபோனால் வண்டி கண்டுபிடித்து, நிறுத்தி ஓய்வெடு என்று எழுதிக் காட்டுமாம். அம்மா விளையாட்டாக இரண்டு காபிக் கதையைச் சொல்ல, சின்னவர் சிரிக்கவில்லை.

"அதுல எழுதியிருந்ததைப் படிக்கலையாண்ணே?"

"ரோட்டைப் பாத்தேன் தம்பி."

"வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பாலம் மூடியாச்சு, புறவழிச் சாலைதான். அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அந்தச் சாலையில் நான் போனதே இல்லை. விட்டுவிடுங்கப்பா என்கிறாள் மகள். உடம்பும் அதைத்தான் சொல்கிறது. வயசாகிவிட்டது என்று இறங்கலாம். எழுத்து தெரியாது என்று இறக்கிவிட்டால்? அதை எப்படித் தாங்குவது?

மார்ச் 14, வெள்ளி

சாலை இரண்டாகப் பிரிகிற இடம். மேலே நீலப் பலகை. கேட்க ஆள் இல்லை, கடை இல்லை. ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் நின்னுட்டே?"

"பலகை இருக்கும்மா."

அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வண்டியில் ஒரு சத்தமும் இல்லாதது அப்போதுதான் பயமாக இருந்தது.

"எத்தனை வரி?" என்றார்.

"ரெண்டு."

"எந்த வரி நீளம்?"

"மேல் வரிம்மா."

"கீழ் வரியில கடைசி எழுத்துக்கு மேல பொட்டு இருக்கா?"

"இருக்கு."

"அது துறைமுகம். கண் மருத்துவமனை மேல் வரி. அதுக்கு அம்புக்குறி எந்தப் பக்கம்?"

"இடது."

"அப்புறம் என்ன, எடு."

எடுத்தேன். கொஞ்ச தூரம் போனபின் கேட்டேன். "எப்பலேர்ந்தும்மா தெரியும்?"

"நாப்பத்தாறு வருஷமா வாய் வலிக்கப் பலகை படிச்சேனே. எனக்குப் பொழுது போகாமலா?"

பத்து நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மார்ச் 16, ஞாயிறு

சின்னவர் நோட்டைக் கேட்டார். நோட்டு எங்கள் வீட்டில் மகளிடம். நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மா சொன்னார்: "நேத்தே எனக்கு வாசிச்சுக் காட்டிட்டான். நல்ல வண்டியாம். சத்தம்தான் பத்தலையாம்."

"கோப்பை விஷயம்?"

"அதையும் எழுதியிருக்கான்."

சின்னவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார்.

"இனிமே கோப்பை வந்தா ரெண்டு காபியா வாங்கு," என்றார் அம்மா. "ஒண்ணை நீ குடி. நல்லா தூக்கம் தெளிஞ்சப்புறம் கிளம்பலாம். நமக்கென்ன அவசரம்."

இதைச் சொல்லி முடித்ததும் மகள் பழைய பக்கத்தைப் புரட்டினாள். "வெளியில தெரிஞ்சவங்க மூணு பேர்னு போட்டிருக்கேன்பா. திருத்தட்டுமா?"

திருத்து. நாலு பேர். மெக்கானிக், ஏஜென்ட், பக்கத்து பங்களா டிரைவர் மூன்று பேரும் இப்போது இல்லை. உயிரோடு இருப்பது டாக்டரம்மா மட்டும்.