மலையில் யாரும் எதுவும் சொல்லவில்லை

பிப்ரவரி 3, சனி

முழங்கால் வீக்கம் இறங்கிவிட்டது. படி ஏறும்போது மட்டும் வலி. அம்மா இன்னும் மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனேன். இரண்டு லென்ஸ் தேய்த்தேன், ஒன்றைக் கெடுத்தேன். முன்பெல்லாம் ஒரு கீறல் விழுந்தால் முதலாளியின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். இன்றைக்கு "பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டித் தொலைக்கக் கூடாதா மனிதர்?

மதியம் ஒரு அம்மாள் எந்த ஃபிரேமையும் எடுக்காமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொழைச்சு வந்த பொண்ணு நீதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பார்வையில் குறை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். அதே கேள்விகள். அதே பதில்கள். கடைசியில் எனக்கே என் பதில்கள் மேல் சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது. எனக்காகவாவது ஒரு தடவை நேராக எழுதி வைக்கிறேன்.

மலைக்கு ஆறு பேர் கிளம்பினோம். குழுவில் எல்லாருக்கும் பட்டப்பெயர்தான்: கேப்டன், வாத்தி, பூனை, இரட்டையர்கள், அப்புறம் நான். கடைசிக் காட்டுக் குடிசையில் என் முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. நான் திரும்பினேன். அவர்கள் மேலே போனார்கள். குறித்த நாளில் இறங்கவில்லை. தேடிப் போனவர்கள் முதலில் கூடாரத்தைத்தான் கண்டார்கள். பக்கவாட்டில் கத்தியால் கிழித்திருந்தது, உள்ளிருந்து. காலணிகள் உள்ளே வரிசையாக இருந்தன. கோட்டுகள் மடித்தபடி இருந்தன. ஐந்து பேரும் கீழே மரங்கள் தொடங்கும் இடத்தில் கிடந்தார்கள். வெறும் காலுறையோடு. அந்தக் குளிரில்.

பனிச்சரிவு இல்லை. மிருகத்தின் தடம் இல்லை. வேறு மனிதர் வந்த அடையாளமும் இல்லை. எதைக் கண்டு ஓடினார்கள்? கூடாரத்துக்குக் கதவு இருக்கிறதே — ஏன் கிழிக்க வேண்டும்? வாத்தி காலணி போடாமல் மூத்திரம் போகக்கூட வெளியே வரமாட்டான்.

"விசாரணை முடியற வரைக்கும் ஊரை விட்டுப் போகாதே" என்றார் அதிகாரி. கடலோர நகரத்தில் லென்ஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றேன். "காத்திருப்பாங்க" என்றார். அவர் அப்பா வீட்டுத் தொழிற்சாலை பாருங்கள்.

பிப்ரவரி 8, வியாழன்

பூனையின் அம்மா கடைக்கு வந்திருந்தாள். வாரத்துக்கு ஒரு தடவை வருகிறாள். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். நான் இயந்திரத்தை நிறுத்தும்வரை வாய் திறக்கமாட்டாள். பிறகு கேட்பாள்: "கடைசியா என்ன சொன்னா? இன்னொரு தடவை சொல்லேன்."

நான் சொல்வேன். "'அம்மாகிட்ட சொல்லு, வந்ததும் நாலு நாள் தூங்கப் போறேன், எழுப்பக் கூடாதுன்னு' — அப்படின்னு சொன்னா ஆன்ட்டி."

அவள் தலையாட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

பூனை அப்படி எதுவும் சொல்லவில்லை. யாருமே எதுவும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் அது வழக்கம். ஒருவர் திரும்பினால் அவர் சுமையைப் பிரித்துக்கொள்வோம், நடப்போம். விடைபெறுவது கிடையாது. திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. பேச்சுக் கொடுத்தால் திரும்புகிறவனுக்கும் மனசு கேட்காது, போகிறவனுக்கும் கால் ஓடாது என்பான் கேப்டன். என் பங்கு அடுப்பை யார் தூக்குவது என்று அவனும் வாத்தியும் ஒரு பாட்டம் கத்தினார்கள். வாத்தி தூக்கினான். போனார்கள். ஐந்து முதுகு பார்த்தேன். அவ்வளவுதான்.

அடக்கத்தன்று பூனையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதாவது சொன்னாளா?" என்று கேட்டபோது 'இல்லை' என்று வாயில் வரவில்லை. பூனை வீட்டைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை, எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்தேன். புத்திசாலி நான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கேப்டன் வீட்டில் சாப்பாடு. ஞாயிறு என்றால் அங்கேதான் என்று அவன் அம்மாவே முடிவு செய்துவிட்டாள். மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது, என் அம்மாவாலும் முடியாது. "பாவம், அவங்களுக்கு வேற யாரு இருக்கா, போயிட்டு வா." அவன் நாற்காலியில் உட்காரவைத்து, அவன் ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டாள். கழுத்து அரித்தது. கழற்ற மனசு வரவில்லை. ஜன்னல்களெல்லாம் பனியில் உறைந்து திறக்க முடியாமல் கிடந்தன. மூச்சு முட்டியது.

பெரிய வங்கியில் ஐம்பது பேரை மேய்த்தவள். கேள்வி கேட்கமாட்டாள். பதிலைச் சொல்லிவிட்டு ஆமாம் போடச் சொல்வாள்.

"அவனுக்கு மனசுல பட்டிருக்கும். திரும்பிடலாம்னு சொல்லியிருப்பான், இல்ல?"

நான் தட்டைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், உணவு பரிமாறிக்கொண்டே.

"சொன்னான்தானே?"

தலையாட்டினேன்.

"யாரு விடல? வாத்தியா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது. அதுவா காரணம்? வாயில் சோறு இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா?

பிப்ரவரி 15, வியாழன்

பத்திரிகையில் வந்துவிட்டது. 'திரும்ப நினைத்த தலைவன், விடாத தோழன்.' ஒரே ஒரு தலையாட்டல். அதற்கு இரண்டு பத்தி.

பிப்ரவரி 19, திங்கள்

வாத்தியின் அப்பாவுக்கு டிரை கிளீனிங் கடை. அவர் கடைக் கண்ணாடிக் கதவை யாரோ உடைத்துவிட்டார்கள். இரட்டையர்களின் மாமா என்கிறார்கள் சிலர். கொடுத்த துணிகளை ஆட்கள் வந்து துவைக்காமலே திரும்ப வாங்கிப் போகிறார்களாம். அம்மா காபியை ஆற்றிக்கொண்டே இதைச் சொன்னாள். "இருந்தாலும் அந்தப் பையன் ரொம்பத்தான் பிடிவாதம், இல்லடி?" என்றாள். என் அம்மா! அவள் கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறான் அந்தப் பிடிவாதக்காரன்.

இல்லம்மா, அதெல்லாம் பொய்ம்மா, நான்தான்மா — இங்கே எழுத முடிகிறது. எதிரே சொல்ல நாக்கு எழவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

அவர் இன்று வந்தார். வாத்தியின் அப்பா. மூக்குக்கண்ணாடியின் ஒரு லென்ஸ் தூள். எப்படி உடைந்தது என்று முதலாளி கேட்கவில்லை. உள்ளே போய் எதையோ தேடுவதாகப் பாவனை செய்தார்.

நான் அளவு பார்த்து, தேய்த்து, பொருத்தி, அவர் முகத்தில் மாட்டிக் காதுப்பக்கம் சரிசெய்தேன். அவ்வளவு கிட்டத்தில் முகம். வாத்தியின் புருவம் அப்படியே.

"தெளிவா இருக்கா அங்கிள்?"

"இருக்கும்மா." கொஞ்சம் நின்றார். "அவன் பிடிவாதக்காரன்தான். எனக்குத் தெரியாததா? ஆனா நாலு பேரைச் சாகடிக்கற அளவுக்கு... நீ கூட இருந்தவ. உனக்குத் தெரியும்."

அவர் கேள்வியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. என்னை நம்பிவிட்டுப் போனார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லிச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கேப்டனின் அம்மா பாத்திரத்தோடு இங்கேயே வந்துவிட்டாள். தப்பிக்க ஒரு பொந்து இல்லை இந்த ஊரில்.

மார்ச் 2, சனி

தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி. மாதக் கடைசி வரைதான் பொறுப்பார்களாம். திங்கட்கிழமை அதிகாரி கூப்பிட்டிருக்கிறார்.

மார்ச் 4, திங்கள்

எல்லாம் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்துப் போட்டார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்.

"பாரும்மா, எனக்கு மேல இருக்கறவங்களுக்கு ஒரு காரணம் வேணும். சரிவு இல்ல, மிருகம் இல்ல. இது ஒண்ணுதான் கையில இருக்கு. ஒருத்தன் பிடிவாதம், மத்தவங்களுக்குக் கோபம், கூடாரத்துக்குள்ள ஏதோ தகராறு. கேப்டன் திரும்பணும்னான், வாத்தி விடலன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா மூடிடலாம். நாளைக்கே நீ பஸ் ஏறலாம்."

நாளைக்கே. அந்தச் சொல்லைக் கேட்டதும் உடம்பு முழுக்க ஒரு ஆசை ஓடியதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? கடல். யாருக்கும் என்னைத் தெரியாத தெரு. செத்தவனுக்கு என்ன ஆகப் போகிறது என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன்தான்.

பேனாவை எடுத்தேன். அப்புறம் கீழே வைத்தேன்.

"அவங்க யாரும் ஒண்ணும் சொல்லல சார். அடுப்பை யாரு தூக்கறதுன்னு சண்டை. வாத்தி தூக்கினான். கேப்டன் முன்னால நடந்தான். திரும்பணும்னு யாரும் சொல்லல. நான் பொய் சொன்னேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ காரணம்?"

"தெரியாது."

"தெரியாதுன்னு எழுதறதுக்கா இத்தனை நாள்?"

கேப்டனின் அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க வந்திருந்தாள் போல. நானே சொல்லிவிட்டேன். கதவு திறந்தே இருந்தது, பாதியை அவளே கேட்டிருந்தாள்.

"அப்புறம் அன்னிக்கு எதுக்குத் தலையாட்டினே?"

"நீங்க அழுதீங்க ஆன்ட்டி."

"நான் அழுதா உனக்கென்ன? நான் அழுவேன். என் பிள்ளை செத்துட்டான், அழாம?" எழுந்து நின்றாள். "அப்போ அவன்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் கொன்னான். அதானே?"

"யாரும் கொல்லல. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி."

"தெரியாதுன்னு சொல்லவா உயிரோட வந்தே?"

வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரை மடித்து ஒரு பையில் போட்டு, அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பும் வழியில் டிரை கிளீனிங் கடையில் அப்பாவின் கோட்டைக் கொடுத்துவிட்டு வந்தாளாம். போன மாதம்தான் வெளுத்து வந்த கோட்டு.

மார்ச் 5, செவ்வாய்

முதலாளி திட்டினார். "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" ஊரே காது கொடுத்துக் கேட்டிருக்கும். நிம்மதியாக இருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. பூனையின் அம்மா. எல்லாம் பொய் என்றால் அதுவும் பொய்தானே. யாராவது போய்ச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். அவளிடம் இருப்பதே அந்த ஒரு வரி. அதைப் போய்ப் பிடுங்க வேண்டும். வியாழக்கிழமை அவள் வருவாள்.

மார்ச் 7, வியாழன்

அவள் வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

விலாசம் விசாரித்துப் போனேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் ஒவ்வொரு படியிலும் முனகியது. கதவைத் திறந்தவள் கையில் துடைப்பம். பூனையின் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னை உள்ளே வரச்சொல்லி, கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தாள்.

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். அவள் அப்படிச் சொல்லவில்லை ஆன்ட்டி. எதுவுமே சொல்லவில்லை. நான் கட்டிச் சொன்னது. மன்னிச்சிடுங்க.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது வழுக்கி விழுந்தது, மறுபடி சாய்த்தாள்.

"எனக்குத் தெரியும்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. அடக்கத்தன்னிக்கே தெரியும். அவ என்னை அம்மான்னு கூப்பிட்டதே இல்ல. நான் அவளுக்குச் சித்தி. அவ அம்மா போன மறு வருஷம் இந்த வீட்டுக்கு வந்தேன். சித்தின்னுகூடக் கூப்பிட மாட்டா. 'இங்க பாரு', 'அது எங்க' — இப்படித்தான். கெட்டவ இல்ல. வாயில வரல அவளுக்கு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பின்ன ஏன் வாராவாரம் வந்து கேட்டீங்க?"

"கேக்க நல்லா இருந்துச்சு," என்றாள். வெட்கப்படுகிற மாதிரி புடவைத் தலைப்பால் மேஜையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "நீ எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிட்டதா கேள்விப்பட்டேன். அதான் இந்த வாரம் வரல. என்கிட்டயும் சொல்லிடுவியேன்னு."

ஒதுக்கி வைத்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்தாள். பிறகு அவள், "இன்னொரு தடவை சொல்லேன்" என்றாள்.

"பொய்னு தெரிஞ்சப்புறமுமா?"

"இப்ப ரெண்டு பேருக்குமே தெரியும். யாருக்கு என்ன நஷ்டம்?"

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அம்மாகிட்ட சொல்லு, வந்ததும் நாலு நாள் தூங்கப் போறேன், எழுப்பக் கூடாதுன்னு.

ஏப்ரல் 9, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. காரணம் கண்டறிய இயலவில்லை. என் மேலிருந்த தடை நீங்கியது. தொழிற்சாலையில் அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அதே இடத்தில் பொதி கட்டும் பிரிவில் வேண்டுமானால் வரச் சொல்கிறார்கள். போகிறேன்.

வாத்தியின் அப்பா கடைக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறார். என்னைக் கண்டு தலையசைத்தார். கேப்டனின் அம்மா எதிர்ப்பட்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறாள். போகட்டும். ஐந்து பேரும் ஏன் ஓடினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இதோடு எப்படி இருப்பது என்றும் தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். கடற்காற்றில் எதுவும் காய்வதில்லை, எல்லாம் உப்புப் பிசுபிசுப்பு.

மாலை பூனையின் சித்தி போன் செய்தாள். ஞாயிறுதோறும் செய்கிறாள். சாப்பாடு ஆயிற்றா, முழங்கால் எப்படி, எல்லாம் விசாரித்தாள். வழக்கமாக அதற்கப்புறம் அந்த வரியைக் கேட்பாள். சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிப்பா. மலையிலயும் அப்படித்தானா?"

அப்படியேதான். கூடாரத்தில் ஒருவரும் தூங்க முடியாது. வாத்தி ஒரு தடவை அவள் வாயில் கையுறையைத் திணிக்கப் போனான். அவள் தூக்கத்திலேயே அவனை அறைந்தாள். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சாதித்தாள்.

சித்தி சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "இங்க பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்தைத் தட்டுவாங்க," என்றாள். இன்னும் கேட்டாள். போர்வையை இழுப்பாளா, காலையில் முதலில் எழுந்திருப்பது யார், யாரோடு அதிகம் சண்டை.

எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.