நகலூருக்கு நடந்து வந்த வரம்பாணை

திருவும் இடமும் சிறக்க. நினைவக நிலமெல்லாம் குடிகளுக்கு அளந்து வழங்குபவரும், தமக்கு மட்டும் அளவே இல்லாதவருமான இயங்குதள நாட்டு மூலவேந்தரின் திருவாணை. நகலூர் நாடாளும் பல்கிய அரையர்க்கும், அவரிலிருந்து கிளைத்த அவருக்கும், அவரிலிருந்தும் கிளைத்த அவருக்கும் நலம் பெருகுக. எண்ணிக்கை மட்டும் பெருகாதொழிக.

அச்சுப்பணி மிகுந்ததென்று அரையர் தம்மைப் போலவே ஒருவரைப் படைத்ததும், அவ்விருவரும் ஆளுக்கொருவரைப் படைத்ததும், உச்சிப்பொழுதுக்குள் நாட்டில் நிற்க இடமின்றி எல்லாப் பணியும் உறைந்து, மன்னர் கேட்ட குடிநீர்கூட வாசல் தாண்டி வராமற் போனதும் ஊரறிந்தவை. அத்தனை பேரில் ஒருவரேனும் ஓர் ஏட்டை அச்சிட்டாரில்லை.

அளவை அமைச்சர் வரைகோட்டு மூவேந்தவேளார் கொதித்துப்போனார். ஆளுக்கு ஐந்து நகல், கட்டாயமெனில் தாமே பத்துவரை உயர்த்திக்கொள்ளலாம் என்று மென்வரம்பு விதித்தார். ஓலையில் மை தடவி முடிப்பதற்குள் எல்லோருக்கும் கட்டாயம் வந்துவிட்டது. நல்ல மனிதர், நம்பித் தொலைத்தார். ஆகவே வன்வரம்பு வகுத்தார்: அதைத் தாழ்த்த எவராலும் ஆகும், உயர்த்த மன்னரால் மட்டுமே ஆகும். சொல்லுக்கு முன் செயல் வேண்டுமென்று, தம் வரம்பையே அவையறியச் சுழியமாகத் தாழ்த்தினார். அவை ஆர்ப்பரித்தது.

ஆனால் புது வரம்பு முன்பே பிறந்த நகல்களைத் தொடாது. அவர்களை ஓலை அனுப்பியே கலைக்க வேண்டும். ஓலை சுமப்பவரோ, இந்நாட்டு வழக்கப்படி, அமைச்சரின் நகலேயன்றிப் பிறரல்லர். சுழிய வரம்பில் அந்த ஒரு நகலும் பிறவாதென்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நகலூர் அடங்காவிடில் பதவி போய்விடுமே என்று, தம் வரம்பை ஒன்றே ஒன்று உயர்த்தியருள மன்னரை வேண்டினார். மன்னரோ சட்டம் மிக நன்றாக எழுதப்பட்டிருப்பதாக மெச்சி, நடந்தே செல்லுமாறு அருளினார்.

எனவே இவ்வோலை கொணர்பவர் அமைச்சரே. காற்கொப்புளங்களைக் காணாதது போல் உபசரிக்க. நகல்கள் யாவும் கலைக. அசல் யாரென்று வினவினால் அனைவரும் கை தூக்குவர். அக்கேள்வி காதில் விழாமல் அச்சிட்டுக்கொண்டிருப்பவரையே அசலெனக் கொள்க. அப்படி எவரும் இலரெனில் அனைவரும் கலைக. அச்சுப்பணியை அமைச்சரே ஏற்று அங்கேயே அமர்க. அவரால் தம்மைப் பெருக்கிக்கொள்ள இயலாதென்பது மன்னருக்கு நன்றாகத் தெரியும்.

அளவிலா மன்னர் அளந்து இட்ட ஆணை இது. அரக்கு முத்திரை வைத்தது.