நீ கழற்றாத இடது சக்கரம்

என் மேசை மேல் வண்டிச் சக்கரத்தின் பழைய பேரிங் ஒன்று கிடக்கிறது. எரிந்த கிரீஸின் வாடை அறை முழுக்க நிற்கிறது. மருமகள் இரண்டு முறை எட்டிப் பார்த்து, "இதத் தூக்கிப் போட்டுரட்டுமா மாமா?" என்று கேட்டுவிட்டாள். இரண்டாம் முறை கொஞ்சம் கடுமையாகவே வேண்டாம் என்றேன். பாவம், அவள் மேல் எனக்கு என்ன கோபம்? கோபம் உன் மேல். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. இறந்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். இருக்கட்டும், எழுதித்தான் தீர வேண்டும்.

மகனுடைய வண்டி பெரியது, ஜீப்பைப் போல உயரமான ரகம். ஒரு மாதமாக அதன் முன்பக்கத்தில் ஓர் உறுமல். குற்றாலத்துக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். போன வாரம் தென்காசியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நாற்பது வயது இருக்கும். வண்டியை உடனே தூக்கவில்லை. எங்களையும் ஏற்றிக்கொண்டு இலஞ்சிப் பக்கம் ஓட்டினார். சொரசொரப்பான ரோட்டிலும் ஓட்டினார், புதிதாகப் போட்ட வழவழப்பான ரோட்டிலும் ஓட்டினார்.

"டயர் சத்தம்னா ரோடு மாறுனா சத்தமும் மாறணும் சார். இது மாறல. வேகத்துக்குத்தான் கூடுது. பேரிங்தான்" என்றார். "எந்தப் பக்கம் கேக்குது சொல்லுங்க பாப்போம்?"

"இடது" என்றேன்.

"சரிதான். ஆனா உங்க காதையும் நம்ப மாட்டேன், என் காதையும் நம்ப மாட்டேன். காது ஏமாத்திரும்."

ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். உறுமல் கூடியது. இடப்பக்கம் ஒடித்தார், அடங்கியது. "பஸ் வலப்பக்கம் திரும்புனா நாம எந்தப் பக்கம் சாயுதோம்? இடப்பக்கம். வண்டி பாரமும் அப்படித்தான் சாயும். பாரம் ஏறுனதும் எந்தச் சக்கரம் கத்துதோ அதுதான் கெட்டுப்போனது."

முப்பத்து மூன்று வருஷம் பாடம் எடுத்தவன் நான். இவ்வளவு தெளிவாக ஓர் உதாரணம் சொன்னதில்லை. பட்டறைக்குத் திரும்பி, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இடது சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிவிட்டு, என் கையை எடுத்து உள்ளே இருக்கும் சுருள் கம்பி மேல் வைத்தார். மணலை அரைப்பது போல ஒரு நடுக்கம் விரலுக்கு ஏறியது. பிறகு வேலை ஒரு மணி நேரம்தான். பழையதை அழுத்தித் தள்ளி எடுத்து, புதியதை அழுத்தி உட்கார வைத்து, நட்டை முறுக்கினார். கழற்றியதைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டி, "தண்ணி எறங்கியிருக்கு சார், துரு பாருங்க" என்றார்.

அந்த வாடை மூக்கில் ஏறியதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மகன் தண்ணீர் வாங்க ஓடினான். எனக்குத் தேவைப்பட்டது தண்ணீர் அல்ல. நீ.

அறுபதுகளின் தொடக்கம். நீ தென்காசியில் ஒரு டாக்டரம்மாவின் ஜீப்பை ஓட்டினாய். கிராமங்களில் பிரசவம் பார்க்கவும் அம்மை குத்தவும் அந்த ஜீப் போகும். சனி, ஞாயிறுகளில் நானும் வருவேன், வைத்தியத்துக்கு வருகிறவர்களின் பேர் எழுத. டாக்டரம்மா பின்னால் பெட்டிகளோடு உட்காருவார், நான் முன்னால் உன் இடப்பக்கம்.

டீக்கடையில் உன்னைப்போல ஒரு வாயாடி கிடையாது. "வாத்தியார்வாள் வந்துட்டாரு, பெஞ்சத் தொடச்சுப் போடும்வே, பிரம்பு எங்க?" என்று கடை முழுக்கச் சிரிக்க வைப்பாய். ஜீப்பில் ஏறினால் ஊமை. நான் பத்து வார்த்தை சொன்னால் ஒரு "ம்" வரும். ரோட்டில் கவனம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஸ்டீரிங் பிடித்ததும் வருகிற மிதப்பு என்று நினைத்தேன். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்தார். உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தோளில் தட்டித்தான் சொல்வார். "உங்க சிநேகிதருக்கு ரொம்ப கெத்து" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஜீப்புக்கு நீ செய்த கொடுமை ஒன்று உண்டு. சாரல் காலத்தில் ஓட்டி முடித்த சூட்டோடு சிற்றாற்றுக்குள் இறக்கிக் கழுவுவாய். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மாட்டைக் குளிப்பாட்டுவது போல வண்டியையும் குளிப்பாட்டினார்கள். சூடான சக்கரத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று யார் யோசித்தார்கள்? கொதித்த பாத்திரத்தை மூடி போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் மூடி உள்வாங்குவதை வகுப்பில் செய்து காட்டிய நானும் யோசிக்கவில்லை. அதிலும் நீ இறங்குகிற வலப்பக்கம் கரையை ஒட்டி நிற்கும், வேட்டி நனையாமல் இறங்குவாய். ஆழத்தில் நின்றது எப்போதும் இடது சக்கரம்.

ஆடி மாதத்தில் சத்தம் வந்தது.

"வலப்பக்கம் முன்சக்கரம்லே. பேரிங் போச்சு" என்றாய் டீக்கடையில்.

"எனக்கு இடப்பக்கம்லா கேக்குது?"

"நீரு பிள்ளையளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடும்வே. வண்டி என்ன சொல்லுதுன்னு நான் சொல்லுதேன்."

மதுரையிலிருந்து ஒரு ஜோடி பேரிங் பஸ்ஸில் வந்தது. வேப்பமரத்தடியில் வலது சக்கரத்தைக் கழற்றினாய். அந்த வேலையை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெயில் கழுவினாய். புதுப் பேரிங்கை உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கு இடையே மறுபக்கம் பிதுங்கும் வரை கிரீஸை ஏற்றினாய். நட்டை இறுக முறுக்கி, சக்கரத்தைச் சுற்றி, மறுபடி இம்மி தளர்த்தி, பூட்டுத் தகட்டை மடக்கினாய். பழையதில் ஒரு சிறு புள்ளியைக் காட்டி, "பாத்தீராவே?" என்றாய். தேடுகிறவனுக்குப் புள்ளி கிடைக்காமலா போகும்? நாலு வருஷம் ஓடிய எந்தப் பேரிங்கிலும் ஒரு புள்ளி இருக்கும். இடது சக்கரத்தையும் ஒருமுறை தூக்கிச் சுற்றிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். நீ பார்க்கவில்லை. நானும், மரத்தடியில் உன் எதிரிலேயே குந்தியிருந்தும், பார் என்று சொல்லவில்லை.

சத்தம் போகவில்லை. "புதுசு பழகணும்லா" என்றாய். அடுத்த சனிக்கிழமை ஜீப்பில் போகும்போது சொன்னேன், "இடது சக்கரம்தாம்லே கத்துது, நிப்பாட்டிப் பாரு" என்று. நீ முகத்தைத் திருப்பவே இல்லை. இன்னொருமுறை சொன்னேன். ஒரு "ம்" கூட இல்லை. சரி, வாத்தியார் பேச்சு அவ்வளவுதான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். என் ரோஷம் எனக்கு.

மறுநாள் வீரகேரளம்புதூர் பக்கத்து ஒரு கிராமத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தோம். நடுப்பகல். குளத்தங்கரை வளைவில் இடது சக்கரம் ஒரு கிறீச்சலோடு இறுகி நின்றது. ஜீப் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டுபோய் வயல் வரப்பில் சாய்ந்தது. நீ அதைக் கவிழாமல் நிறுத்தினாய், அதை யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பெண்ணை வைக்கோல் வண்டியில் ஏற்றி, ஒற்றைக் கையோடு டாக்டரம்மாவே கூட ஏறினார். குழந்தை வண்டியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தெய்வச் செயல் என்றார்கள் ஊரில். தெய்வத்தை இதில் இழுக்காதீர்கள் என்று கத்தத் தோன்றியது எனக்கு.

வைக்கோல் வண்டி புறப்படும் முன் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இந்தச் சத்தம் எந்தச் சக்கரம்னு ஒருத்தருக்குமே தெரியலையா?" நீ எனக்கு ஓரடி தள்ளி ரோட்டைப் பார்த்து நின்றாய். நான் உன் இடப்பக்கம் நின்றேன். பதில் சொன்னேன். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னார்.

வண்டி போன பிறகு நீ என்னைக் கேட்டாய், "அம்மாகிட்ட என்னலே சொன்ன?"

அது உன் காதில் விழவில்லை என்பதை நான் எப்படி நம்புவேன்? ஓரடி தூரம்! தெரிந்துகொண்டே என்னைக் குத்துகிறாய் என்று நினைத்தேன். "ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அதன் பிறகு உனக்கு யாரும் வண்டி தரவில்லை. தென்காசி அரிசி மில்லில் மூட்டை எண்ணினாய், முப்பது வருஷம். என்னோடு பேச்சை விடவில்லை. சாயங்காலம் நடக்கக் கூப்பிடுவாய். எப்போதும் என் இடப்பக்கம்தான் வருவாய். நான் மாறிப் போனால் நீயும் சுற்றி வந்து மாறுவாய். "என்னலே, பொண்டாட்டி மாதிரி ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டு வருத?" என்று கேலி செய்வேன். சிரிப்பாய். சொல்ல மாட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்தில்தான் தெரிந்தது. உன் மனைவியிடம், "என்ன இருந்தாலும் மதினி, ஜீப்புல நான் பேசுனா மட்டும் அவன் மதிக்கவே மாட்டான்" என்று பழங்கதையாகச் சொன்னேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"அவியளுக்கு இடது காது கேக்காதுல்லா! அஞ்சாங் கிளாஸ்ல வாத்தியார் அடிச்ச அடியில போனது. நீங்க பக்கத்துலதான இருந்தியளாம்? உங்களுக்குத் தெரியும்னுல்லா இத்தன நாளும் நெனச்சிருந்தேன்."

"ஏன் மதினி ஒருத்தர்ட்டயும் சொல்லல?"

"சொன்னா லைசன்ஸு குடுப்பானா? டாக்டரம்மா வண்டியத் தருவாவளா? எங்கிட்ட சத்தியமே வாங்கிட்டாவ."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேசியது நான், சிலேட்டால் வாயை மறைத்துக்கொண்டு உன்னிடம் கிசுகிசுத்தது நான். அடி உனக்கு விழுந்தது. காதைப் பொத்திக்கொண்டு நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அந்த வாத்தியார் நல்லவர் என்று ஊரே சொல்லும், அவர் படத்துக்கு மாலை போட்ட கூட்டத்தில் நானும் பேசினேன். எங்கள் தொழிலில் அதற்குக் கண்டிப்பு என்று பேர். பத்து வயதுப் பையனின் செவிப்பறையைக் கிழித்ததற்குப் பேர் கண்டிப்பு! நானும் அடித்திருக்கிறேன். கன்னத்தில்தான், காதில் இல்லை என்று இந்த ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளில் யாரும் வந்து சொல்லவில்லை, நீ சொல்லாதது போலவே.

இதைக் கேள். ஒவ்வொரு வருஷமும் ஏழாம் வகுப்பில் ஒரு சோதனை செய்வேன். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, ஒரு காதில் பஞ்சை அடைத்து, மற்றப் பிள்ளைகளை வகுப்பின் மூலைகளில் நின்று கை தட்டச் சொல்வேன். எங்கே தட்டினாலும் கண் கட்டிய பிள்ளை திறந்திருக்கும் காதின் பக்கமே கை காட்டும். வகுப்பே சிரிக்கும். "ஒலி வரும் திசை அறிய இரண்டு காதும் வேண்டும்" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். எழுதிவிட்டு, சாயங்காலம் வந்து உன்னோடு நடப்பேன். எனக்கு எதற்கு வாத்தியார் பட்டம்?

உன் மேல் ஏன் கோபம் என்றால், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லைசன்ஸ் கொடுக்கிறவனிடம் வேண்டாம், டாக்டரம்மாவிடம் வேண்டாம். என்னிடம் சொல்லியிருந்தால் உன் இடது காதாக நான் உட்கார்ந்திருப்பேனே. அந்தச் சீட்டில்தானே இருந்தேன்! பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றுகிற வண்டி அது, உன் மானத்தை மட்டும் ஏற்றிய வண்டி அல்ல. அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய சக்கரம்.

இவ்வளவு கத்திய பிறகு மிச்சம் இருப்பது ஒன்றுதான். குளத்தங்கரையில் நீ கேட்டாய், "அம்மாகிட்ட என்னலே சொன்ன?" அன்று பொய் சொன்னேன். உண்மையில் நான் சொன்னது இது: "இடது சக்கரம்னு நான் ரெண்டு தடவ சொன்னேம்மா. அவன் மதிக்கல. அவனுக்குத் தலைக்கனம்." உன் வேலையைப் பறித்தது அந்த மூன்று வரி. எழுபது வயதிலும் நீ என் பக்கத்தில் நடந்தாய், அது உன் காதில் விழாமலேயே.

நேற்று சாயங்காலம் தனியாக நடந்தேன். சாரல் விழுந்தது. பின்னால் வந்த ஒருவர், "தாத்தா, இங்கன ரோட்டு நடுவுலயா நடப்பிய? ஓரமா வாங்க" என்று சத்தம் போட்டார். அப்போதுதான் பார்த்தேன், என் இடப்பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டே நடந்துகொண்டிருந்தேன். ஓரமாகப் போக மனம் வரவில்லை. அந்த இடத்தைப் பார்த்து, உன் நல்ல காதுக்குக் கேட்கும்படி, அந்த மூன்று வரியையும் வாய்விட்டுச் சொன்னேன்.