பத்திரத்துக்கு நாள் பார்த்தோமே, அத்தை

என் அத்தைக்கு,

செம்பூர் வீட்டுப் பத்திரத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, சரியாக ராகுகாலம். வேண்டுமானால் எழுந்து வந்து திட்டுங்கள். திட்டுவதற்காகவாவது வந்தால் சரி.

தாதருக்கு டிராம் ஓடுவதை நிறுத்தினார்களே, அந்த வருஷம் விலை பேசிய வீடு. என் சம்பளத்தை நம்பி என் பேரிலேயே வாங்குவதென்று முடிவானபோது, மாதுங்காவில் நம் மூன்றாம் மாடி முழுக்கக் கதவு கதவாகத் தட்டி, "என் மருமவ வீடு வாங்குதா" என்று நீங்கள்தானே சொல்லிவிட்டு வந்தீர்கள்? இரண்டு அறை. உள்ளேயே குழாய், உள்ளேயே கக்கூஸ். எத்தனை நாள் ஆகும் என்று சொலிசிட்டரிடம் கேட்டேன். மூன்று மாதம், மிஞ்சிப்போனால் நான்கு என்றார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, கட்டி முடித்த வீட்டை வாங்குவதற்கு!

வில்லங்கம் பார்த்து முடிக்கவே கார்த்திகை வந்துவிட்டது. வீட்டை விற்கிற கோரே காகா, நாக்பூரில் இருக்கிற தன் தம்பியும் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார். தம்பி வந்து சேர்ந்தபோது மார்கழி. நீங்கள் கூடாது என்றீர்கள். சரி, தை பிறக்கட்டும் என்று காத்திருந்து போனால், கோரே காகா கையை விரித்துவிட்டார். "பௌஷ் மஹினா, பாயி. நகோ." வேண்டாமாம். நமக்கு நல்ல தை அவர்களுக்குப் பௌஷம், ஆகாத மாதமாம். பிறகு அவருடைய அப்பாவின் மரணச் சான்றிதழைக் காணோம். அதைத் தேடி எடுத்து எல்லாம் கூடிவந்தபோது ஆடி.

"ஏட்டி கோமதி, ஆடியில போயி யாராவது பத்திரத்துல கையெழுத்துப் போடுவாவளா? ஊரு சிரிக்கும்லா" என்றீர்கள். எந்த ஊர் அத்தை? பக்கத்து அறையில் குஜராத்தி, எதிர் அறையில் கொங்கணி. எவன் சிரிக்கப்போகிறான்? அன்றைக்கே உங்கள் கையிலிருந்து அந்தப் பஞ்சாங்கத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருக்க வேண்டும். அடுக்களையில் பாத்திரத்தை உருட்டினேனே தவிர, வேறென்ன செய்தேன்?

ஆவணி போனது. புரட்டாசியில் நமக்கும் ஆகவில்லை, கோரே காகாவுக்கும் பித்ரு பட்சம். தீபாவளிக்கு சொலிசிட்டர் ஆபீஸே பூட்டிக் கிடந்தது. மறுபடி மார்கழி.

அந்த வீட்டுக்கு அவசரம் என்று ஒருத்தருக்கு இருந்தால் அது உங்களுக்குத்தான். வராந்தாக் கோடியில் அந்த மாடிக்கே இரண்டு கக்கூஸ். முழங்கால் வலியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். உள்ளே இருந்தால் வெளியிலிருந்து எவனாவது கதவைத் தட்டுவான். நான் நீட்டுகிற டம்ளரைத் தள்ளி வைப்பீர்கள். "தண்ணி குடிச்சா எந்திரிச்சுப் போவணும்லாட்டி. செம்பூருக்குப் போயி கொடங் கொடமாக் குடிக்கேன்." நான் சிரித்தேன். என்ன சிரிப்பு அது?

இரண்டாவது தை பிறந்து ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரியில், டாக்டர் உங்கள் மகனிடம் கேட்டார்: "இவங்க தண்ணியே குடிக்கிறது கிடையாதா?" சிறுநீரகம் கெட்டு நாளாகிவிட்டதாம். உங்கள் மகன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அன்று சாயந்திரமே நீங்கள் போய்விட்டீர்கள். கோரே காகாவுக்குப் பௌஷம் முடிய இன்னும் சில நாள் பாக்கி இருந்தது.

உங்களைக் கொண்டுபோய்விட்டு வந்ததும் உங்கள் மகன் ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்கு எந்த நல்ல காரியமும் கூடாதாம். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் நேரே கோரே காகா வீட்டுக்குப் போய், நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வாருங்கள் என்றேன். அவர் பஞ்சாங்கத்தில் இப்போது அதிக மாதம், கூடுதலாகச் சேர்க்கிற மாதம். அதுவும் ஆகாதாம். "அகலே மஹினே மே கரேங்கே" என்று இழுத்தார். அடுத்த மாதம் பார்ப்போமாம். பிறகு, "ஆயீ கஷ்யா ஆஹேத்?" என்று உங்களை விசாரித்தார். மனுஷனுக்கு விஷயமே தெரியாது. "உங்கள் பௌஷ மாதத்தில் செத்துப்போனார்கள்" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. மறுநாள் எனக்கு முன்னால் வந்து ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார், பாவம்.

வீட்டுக்கு வந்து சாவியைக் காட்டினேன். உங்கள் மகன் அதைத் தொடவில்லை. "எங்கம்மா தலைத் திவசம் வரைக்குங்கூட ஒனக்குப் பொறுக்கலையா? எப்பவும் ஒன் காரியந்தான் ஒனக்குப் பெருசு" என்றார். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், உங்களையும் அவரையும் பஞ்சாங்கத்தையும் வாய்க்கு வந்தபடி வைதேன்.

ஆனால் அத்தை, அவர் சொன்னது பொய்யில்லை. போன ஆவணியில், இரண்டு பஞ்சாங்கத்துக்கும் ஒத்துவந்த ஒரு புதன்கிழமை கிடைத்தது. சொலிசிட்டர் என் ஆபீஸுக்குப் போன் செய்தார். எல்லாம் தயார், நீங்கள் வந்தால் போதும் என்றார். அந்த வாரம் எங்களுக்கு ஆடிட். லீவு கேட்டால், பொம்பளைகளை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று மேனேஜர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் நான்.

அடுத்த வாரம் பித்ரு பட்சம் பிறந்துவிட்டது. சொலிசிட்டர்தான் தள்ளிப்போட்டார் என்று உங்களிடம் புளுகினேன். "நாள் கெடைச்சும் தட்டிவிட்ட அந்தக் கை வெளங்குமா?" என்று நீங்கள் வாய்விட்டுச் சபித்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இன்று சாயந்திரம் உங்கள் மகன் வந்ததும் இதைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் செம்பூருக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. என்ன வைதாலும் நான் எதிர்வாய் பேசமாட்டேன். இது சத்தியம்.

அந்தச் சாபத்துக்குச் சொந்தக்காரி,
உங்கள் மருமகள் கோமதி