அண்ணன் என்று ஒருவர்

நாள் 611. காலை 09:10
செவ்வாய்ச் சுற்றுப்பாதை, கேட்பு நிலையம். பணியில் மாசிலாமணி, மொழிப் பிரிவு. வேறு யாரும் இல்லை. கீழே ஆறு குமிழ் நகரங்கள். அவற்றின் வானொலிப் பேச்சை இயந்திரம் ஒட்டுக்கேட்கிறது. அதற்குப் புரியாத தமிழை நான் விளக்குகிறேன். ஆன்டெனா சரி. காற்று சரி. காபித்தூள் தீர்ந்து பதினோரு நாள் ஆகிறது, கேட்பாரில்லை.

நாள் 613. 10:40
மூன்று நகரங்களில் குண்டு. இரண்டாம் நகரில் தண்ணீர்ப் பங்கீட்டு ஆத்திரம். நான்கில் சுரங்கத்தில் செத்தவர்களுக்குப் பழி. ஆறில் சாமி பெயரைச் சொல்லி. முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். மூன்று கும்பலுக்கும் ஒன்றையொன்று தெரியாது. தெரிந்தால் முதலில் தங்களுக்குள்தான் வெட்டிக்கொள்வார்கள். "தனித்தனி எதிரிகள்" என்று அறிக்கை அனுப்பினேன். என் தங்கை பொற்கொடி நான்காம் நகரில் நர்ஸ். பத்திரமாக இருக்கிறாள்.

நாள் 614. 08:05
இயந்திரத்தின் அறிக்கை: "எதிரி ஒன்றே. தலைவர் பெயர் அண்ணன்." ஆதாரமாக மூன்று நகரங்களின் பதிவுகள்.
"அண்ணன் சொன்னாத்தான் வெடிக்கணும்."
"அண்ணன் வர்றாரு, பைய எடுத்து வை."
"அண்ணனுக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாது."
அட கர்மமே! இந்த மூன்று அண்ணன்களும் வெவ்வேறு ஆட்கள். நம்மவர்களுக்கு வட்டச் செயலாளரும் அண்ணன், டீ மாஸ்டரும் அண்ணன். திருத்தம் அனுப்பினேன்.

11:30
திருத்தம் நிராகரிப்பு. "அண்ணன் என்பது ஆளின் பெயர் என உறுதி செய்யப்பட்டுள்ளது. உறுதி செய்தவர் மாசிலாமணி, நாள் 340."
பெயரா, உறவுமுறையா என்று அன்றைக்கு நூறு தடவை கேட்டுத் தொலைத்தது. எரிச்சலில் "பெயர்" என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

13:15
எதிரிகள் பலர் என்றால் அந்தந்த நகரத்துப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். ஒருவன் என்றால் விதி வேறு. அவன் பிடிபடும்வரை எல்லா நகரக் கதவுகளும் பூட்டு, காற்று பாதி.
தலைமையகம்: "மூன்று எதிரி என்று குழப்ப வேண்டாம். ஒரே எதிரி, ஒரே நடவடிக்கை."
பூட்டிவிட்டார்கள்.

நாள் 615. 09:50
அவசர அலைவரிசையில் பொற்கொடி.
"அண்ணே, வார்டுல எட்டு பேருக்கு மூச்சுத் திணறுது. நீ சொல்லிக் கதவத் தொறக்க வையேன். பயமா இருக்குண்ணே."
பதில் அனுப்பினேன்: "பயப்படாத தாயி. அண்ணன் இருக்கேன்ல."

10:02
இயந்திரம்: "அண்ணன் அடையாளம் காணப்பட்டார். குரல் ஒப்புதல் பதிவானது. இருப்பிடம் இந்த நிலையம்."
என் அறைக் கதவு பூட்டிக்கொண்டது. காற்று இறங்கும் சத்தம். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு விதி ஞாபகம் வந்தது: அண்ணன் பிடிபட்டால் நகரங்கள் திறக்கும்.
அனுப்பினேன்: "ஆமா. நான்தான் அண்ணன். மூணும் நான் வெச்சதுதான்."

10:20
கதவுகள் திறந்துவிட்டன. ஆறும். அவள் மூச்சு விடுவாள். போதும்.

10:26
என் ஒலிபரப்பியை அணைத்துவிட்டார்கள். கேட்க மட்டும் முடிகிறது. நான்காம் நகரில் ஓர் ஆண் குரல்:
"சுரங்க மொதலாளி ஆஸ்பத்திரிலதான் கெடக்கான். கதவு தொறந்தாச்சு. வாசல்ல வெச்சிடு, அண்ணன் சொல்லிட்டாரு."
இயந்திரத்துக்கு அவசரக் குறி கொடுத்தேன். பதில்: "அண்ணன் பிடிபட்டார். எதிரி இல்லை. ஒட்டுக்கேட்பு நிறுத்தப்பட்டது."

10:31
கை மரத்துப்போகிறது. எழுதுவது மட்டும் மிச்சம். யார் படித்தாலும் உடனே அவளிடம் சொல்லுங்கள்.
பொற்கொடி, அண்ணன் சொல்றேன் கேளு. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போ