பெரியவனுக்கு எடுத்து வைத்த மாத்திரைகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே, "சரி சரி, அம்மாகிட்ட குடு" என்று சொல்லிவிடுகிறீர்கள். நானும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். எழுதினால் கடைசிவரை படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

அம்மா நலம். நம் சலூனில் நீங்கள் வேலை பார்த்த நாற்காலியை அப்பா இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போதைக்கு அதில் துண்டு காய்கிறது.

அப்பாவுக்கு ஈரலில் கிருமி என்று அம்மா சொல்லியிருப்பாள். ஹெபடைடிஸ் சி. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. பல வருடம் சத்தமே இல்லாமல் இருந்து ஈரலைத் தழும்பாக்கிவிடும். அப்பாவுக்குத் தழும்பு தொடங்கிவிட்டது. ஆனால் மூன்று மாதம் தவறாமல் மாத்திரை போட்டால் அநேகமாக எல்லோருக்குமே முழுக்கக் குணமாகிவிடும் என்றார் டாக்டர்.

அவர் வேகமாகச் சொன்னதை வீட்டில் அப்பாவுக்கு மெதுவாகச் சொன்னேன். அந்தக் கிருமி ஈரலின் செல்லுக்குள் புகுந்து, பாசிமணி கோப்பது போல ஒவ்வொன்றாகக் கோத்துத் தன்னையே நகல் எடுக்கிறது. மாத்திரையில் இரண்டு மருந்துகள். ஒன்று போலி மணியாக அந்தச் சரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் கோக்க முடியாது. மற்றது, நகலெடுக்கவும் கூடு கட்டவும் கிருமிக்குத் தேவையான ஒரு புரதத்தை முடக்கிவிடும். புதிதாகப் பிறக்க வழியில்லாமல் போனால், இருப்பவை மெல்ல அழிந்துவிடும். "உன்னைப் படிக்க வெச்சது எனக்கே பாடம் எடுக்கவா?" என்று அப்பா சிரித்தார். மறுநாள் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் அதையே அப்படியே ஒப்பித்தார்.

போன வாரம் கடையைத் துடைக்கும்போது ஒரு பழைய பவுடர் டப்பாவைத் திறந்தேன். வாடிக்கையாளர் கழுத்தில் சுற்றும் காகிதத்தில் ஒவ்வொன்றாக மடித்து மாத்திரைகள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "அது பெரியவனுக்கு. கடைக்கு வர்ற லாரிக்காரர் அவன் ஊர்ப் பக்கம் போறப்ப குடுத்து விடணும். வர்றவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு புது பிளேடு போட்டேன். அவனுக்கும் எனக்கும் மட்டும் ஒரே பிளேடு, நமக்குள்ள என்னன்னு. என்னைப் பிடிச்சது அவனை விட்டிருக்குமா?" என்றார்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தக் கிருமி தப்பும் தவறுமாகத்தான் நகல் எடுக்குமாம். உடம்பில் மருந்து குறைகிற நாட்களில், அந்தத் தப்பு நகல்களில் சில மருந்துக்கு அடங்காமல் தப்பித்து, அவையே பெருகிவிடலாமாம். பங்கு போட்டால் இரண்டு பேருமே தேற மாட்டார்கள் என்றார். ரத்தம் பார்க்காமல் யாரும் இதைப் போடவும் கூடாதாம். இனி ஒருநாளும் விடக்கூடாது என்று சொல்லி, அப்பாவிடம் மறுபடி ரத்தம் எடுத்திருக்கிறார். மருந்தை நீட்டிப்பதா, மாற்றுவதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் காலை தண்ணீர் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவர், கன்னத்தில் ஒதுக்கியிருந்த மாத்திரையைத் துப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பார்த்துவிட்டாள். அவனுக்கு இருக்கா இல்லையான்னு அவனையே கேட்டால் என்ன என்று சத்தம் போட்டாள். அப்பா, "எந்த முகத்தோட கேக்குறது? இனிமே என் படியேறாதேன்னு சொன்னது இந்த வாய்தானே" என்றார்.

அண்ணா, நீங்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிருமி இருந்தால் அங்கேயே வைத்தியம் உண்டு.

கேட்கத் தயங்கியது இன்னொன்று. பரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, எனக்கு வேண்டாம், அம்மாவுக்கும் வேண்டாம், அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பழசைப் பேச வேண்டாம். "எனக்குத் தேவைப்பட்டா நான் வாங்கிக்கறேன்பா, உங்க மாத்திரையை நீங்க முழுங்குங்க" என்று சொன்னால் போதும். உங்கள் குரலில் கேட்டால்தான் அது அவர் தொண்டையில் இறங்கும்.

உங்கள் அன்புத் தங்கை