பதினான்காம் தேதி அங்கே யாரும் இல்லை

மார்ச் 3

அறிக்கைப் பிரிவில் இருக்கும், பேர் தெரியாத மேடம் அல்லது சார் அவர்களுக்கு,

வணக்கம். இது புகார்க் கடிதம் இல்லை, பயந்துடாதீங்க. ரசிகர் கடிதம்!

நான் போன் ரிப்பேர் கடையில வேலை பாக்குறேன். வயசு இருபது. எல்லாரும் வேலை நேரத்துல காதுல பாட்டு மாட்டியிருப்பாங்க. நான் ஐ.நா. மனித உரிமைக் கமிட்டியோட நேரலையை மாட்டியிருப்பேன். ஒவ்வொரு அரசாங்கத்தையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, "கையெழுத்துப் போட்டீங்களே, சொன்னபடி செஞ்சீங்களா?"ன்னு கேப்பாங்க பாருங்க, எனக்குப் புல்லரிச்சுடும். ஆன்லைன்ல இதைப் பாக்குறவங்களுக்குன்னு ஒரு குரூப்பே வெச்சிருக்கோம். மொத்தம் ஏழு பேர். அதுல ரெண்டு பேர் பாதியில தூங்கிடுவாங்க.

நம்ம நாடு கமிட்டிக்கு அனுப்புன கடைசி மூணு அறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சேன். நாலு வருஷத்துக்கு ஒண்ணு. மூணுமே ஒரே கை. நீங்க ஒருத்தர்தான் எழுதுறீங்க, கண்டுபிடிச்சுட்டேன், சரியா?

ஒரு சின்ன வருத்தம் மட்டும். நாப்பத்தேழாவது பத்தி. "சிறைகளைப் பார்வையிட அண்மையில் ஒரு குழு அமைக்கப்பட்டுள்ளது." மூணு அறிக்கையிலயும் அண்மையிலதான் அமைச்சிருக்கீங்க! அந்தக் குழுவுக்கு ஒரு பிறந்தநாள்கூட வரலையா?

ஒரே ஒரு கேள்வி. நம்ம நாடு ஏன் இந்த மனித உரிமை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச்சு? யாரும் கையைப் பிடிச்சு முறுக்கலையே?

இப்படிக்கு,
உங்கள் ரசிகை
(வீட்டுல என்னைக் கூப்பிடுறது: ஐ.நா.)

பி.கு: அறிக்கையோட கடைசிப் பக்கத்துல மின்னஞ்சலே இல்லை, தபால் முகவரிதான். ஸ்டாம்ப் எந்த மூலையில ஒட்டணும்னு வீடியோ பாத்து ஒட்டியிருக்கேன்.


மார்ச் 22

அன்புள்ள ஐ.நா.வுக்கு,

மேடம்தான். ஒருவர்தான். சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய்.

எங்கள் அறிக்கையை முழுதாகப் படித்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன்: நானும், அச்சுப் பிழை பார்ப்பவரும். அவரும் படங்களைத்தான் பார்ப்பார் என்று எனக்குச் சந்தேகம். உன் கடிதத்தை மேசையில் வைத்த பியூன், "யாராச்சும் தவறிட்டாங்களா மேடம்?" என்று கேட்டார். கையால் முகவரி எழுதிய உறை இந்த மாடிக்கு வந்து அவ்வளவு காலமாகிறது.

பிறந்தநாள் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்ததில் புரையேறிவிட்டது. நடப்பது இதுதான். பழைய அறிக்கையைத் திறந்து தேதிகளை மாற்றுவேன். "அண்மையில்" என்பதில் தேதி இல்லை. அதனால் தப்பித்து உட்கார்ந்திருக்கிறது.

ஏன் கையெழுத்திட்டோம்? உனக்காகப் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். உள்ளே ஒரே தாள். "பக்கத்து நாடுகள் கையெழுத்திட்டுவிட்டன. இடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். இட்டுவிட்டால் நான்கு வருடத்துக்கு ஒன்றும் கேட்க மாட்டார்கள்." ஓரத்தில் பென்சிலால், அடுத்த வாரம் வணிகப் பேச்சுவார்த்தை என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. நல்ல எண்ணத்தையும் தேடிப் பார்த்தேன்.

ரசிகை என்பதால் ஒரு தொழில் ரகசியமும் சொல்கிறேன். நாங்கள் பொய் எழுதுவதே இல்லை. ஒரு பொய் மாட்டினால் மொத்த அறிக்கையும் போய்விடும். நாளைத்தான் தேர்ந்தெடுப்போம். ஒரு சிறையில் உண்ணாவிரதம் நடந்தது. அது முடிந்த மறுநாள் ஆள் அனுப்பிப் பார்த்து, "பார்வையிட்ட அன்று கைதிகள் அனைவரும் உணவு உண்டனர்" என்று எழுதினேன். உண்டார்கள்தானே.

முகம் சுளிக்காதே. மேடம் வேண்டாம், அக்கா என்று எழுது. இனிமேல் கீழே இருக்கும் வீட்டு முகவரிக்கு.

அன்புடன்,
மூன்றாம் மாடி அக்கா


ஏப்ரல் 9

அன்பு அக்கா,

அக்கா! அக்கான்னு எழுதிட்டு ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன். குரூப்ல சொல்லல, சத்தியமா. சொன்னா பொறாமையில வெடிச்சுடுவாங்க.

ஆனா அந்த "உணவு உண்டனர்" தொண்டையில சிக்கிக்கிட்டு நிக்குது. உங்ககிட்ட சண்டை போட வரல. ரெண்டு நாள் யோசிச்சு நானா ஒரு தியரி கண்டுபிடிச்சேன், தப்புன்னா தலையில குட்டுங்க. இந்தச் சட்டத்துக்குப் போலீஸ் கிடையாது. கமிட்டி வந்து யாரையும் தூக்கிட்டுப் போகப் போறதில்லை. அப்ப அதை யார் அமல்படுத்துறது? அரசாங்கத்துக்குள்ள உக்காந்திருக்குற யாராவது ஒருத்தருக்குக் கூச்சம் வரணும். "ஐயோ, இதைப் போய் எழுதிக் குடுக்கணுமே"ன்னு. அந்த ஒரு ஆளுதான் மொத்த சிஸ்டமும். எனக்கு அந்த ஆளு நீங்கதான். சரி, சட்டம் தெரிஞ்சும் ஏன் மீறுறாங்க? அதுக்கு மட்டும் தியரி வரமாட்டேங்குது.

என்னை ஐ.நா. ஆக்குனது எங்க அண்ணன். ஆம்புலன்ஸ் ஓட்டுறான். வீட்டுக்குள்ள வரும்போதே, "என்ன ஐ.நா., இன்னிக்கு எந்த நாட்டைக் கண்டிச்சீங்க?"ம்பான். "கண்டிக்கலைடா, ஆழ்ந்த கவலை தெரிவிச்சோம்"பேன். "அம்மா, ஐ.நா. ஆழ்ந்த கவலையில இருக்கு, அதுக்கு ஒரு காபி போடுங்க!"ன்னு கத்துவான்.

போன மாசம் சாலை மறியல்ல சுட்டாங்கல்ல? அண்ணன் அன்னிக்குப் பதினோரு பேரை வண்டியில ஏத்துனான். டிவியில நாலு பேருக்குக் காயம்னாங்க. ஒரு நிருபர் கேட்டதுக்கு, "நான் ஏத்துனது பதினொண்ணு"ன்னு சொல்லிட்டான். அவன் சொன்னது பேப்பர்ல வந்திருக்கு. அம்மா அவனைத் திட்டித் தீத்துட்டாங்க. எண்ணத் தெரிஞ்சது ஒரு குத்தமா அக்கா?

உங்கள்,
ஐ.நா.


மே 6

அக்கா,

அண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பதினோரு நாளாச்சு. ஷிப்ட் முடிஞ்சு வண்டியைக் கழுவிட்டு இருந்திருக்கான். நாலு பேர் வந்து "ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ"ன்னு சொன்னாங்களாம். குழாயை மூடுறதுக்குக்கூட விடல.

ஸ்டேஷன்ல, "எங்ககிட்ட அப்படி யாரும் இல்லையே"ங்கிறாங்க. கோர்ட்டுல மனு போட்டோம். "இல்லைன்னுதானே சொல்றாங்க, இல்லாத ஆளை எப்படிக் கேக்குறது?"ன்னு அனுப்பிட்டாங்க. அம்மா தினமும் அவன் செருப்பைத் துடைச்சு வாசல்ல வைக்கிறாங்க.

ஆனா அவன் எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியும். பஸ் டிப்போவுக்குப் பின்னாடி மூடிக் கிடக்குற குளிர்பதனக் கிடங்கு. அங்க யாருக்கோ மயக்கம்னு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்காங்க. போனது அண்ணனோட கூட்டாளி டிரைவர். வரிசையா உக்கார வெச்சிருந்தவங்கள்ல அண்ணனும் இருந்தானாம். அதே நீலச் சட்டை, யூனிபார்ம். ஸ்ட்ரெச்சர் பக்கத்துல போறப்ப முனகுற மாதிரி சொல்லியிருக்கான்: "ஐ.நா.கிட்ட சொல்லு. ஆழ்ந்த கவலை பத்தாதுன்னு சொல்லு."

நான் அழல அக்கா. படிவம் நிரப்புனேன். எனக்குத் தெரிஞ்சது அதுதானே. கமிட்டிக்கு அவசர மனு அனுப்பிட்டேன். "கடைசியாகக் காணப்பட்ட இடம்"னு ஒரு கட்டம் இருக்கு. கிடங்கோட முழு முகவரியும் எழுதிட்டேன். இனிமே கமிட்டி நம்ம அரசாங்கத்தைக் கேக்கும். அந்தக் கேள்வி எந்த மேசைக்கு வரும்? உங்க மேசைக்கு!

வந்ததும் ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க. "இருக்கிறார்." அது போதும். இருக்கான்னு எழுதிட்டா அப்புறம் அவனை இல்லாம ஆக்க முடியாதுல்ல?

உங்கள் தங்கச்சி,
ஐ.நா.


மே 27

அன்புள்ள தங்கைக்கு,

கேள்வி வந்துவிட்டது. என் மேசையில்தான் இருக்கிறது. உன் படிவத்தையும் இணைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தைக்கூட நீ காலியாக விடவில்லை. வக்கீல்கள் அனுப்பும் படிவம்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

தெரிந்தும் ஏன் மீறுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் பிடித்துவந்தால் பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கமிட்டி கேட்க ஆரம்பித்தது. அதன் பிறகு பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் உடம்பில் தழும்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். தழும்பு விழாத வழியைக் கண்டுபிடித்தார்கள். சட்டத்தை அவர்களும் படிக்கிறார்கள், தங்கை. உன்னைவிடக் கவனமாக.

எங்கள் இயக்குநர் நல்ல மனிதர்தான். கோப்பைப் புரட்டிவிட்டு, "யாருங்க இந்தப் பொண்ணு, இவ்வளவு விவரமா எழுதியிருக்கு?" என்றார். தெரியாது என்று சொன்னேன். நாங்கள் இருப்பது அரசுக் குடியிருப்பு. மகள் பத்தாவது படிக்கிறாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பதில் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மாவைச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 30

அக்கா,

பதில் வந்துடுச்சு. கமிட்டி எனக்கு ஒரு நகல் அனுப்புச்சு. மூணு வரி. மூணாவது வரியை மட்டும் அப்படியே எழுதுறேன்.

"ஜூன் 14 அன்று அதிகாரிகள் மேற்படி கிடங்கைப் பார்வையிட்டனர், பார்வையிட்ட அன்று அங்கே எவரும் இல்லை."

பதிமூணாம் தேதி மத்தியானம் ரெண்டு மூடுன வேன் அங்கிருந்து போச்சுன்னு டிப்போவுல வேலை பாக்குறவங்க சொல்றாங்க. சாயங்காலமே பெயிண்ட் டப்பாவோட ஆளுங்க வந்தாங்களாம். நான் போய்ப் பாத்தேன். கதவு திறந்தேதான் கிடந்துச்சு. உள்ள போனதும் புதுப் பெயிண்ட் வாசனையில கண்ணு எரிஞ்சுது. தரையைக்கூடக் கழுவியிருந்தாங்க.

கமிட்டி அரசாங்கத்தோட பதிலைக் "குறித்துக்கொண்டது"ன்னு எழுதியிருக்கு. கூடவே என்ன தெரிவிச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அண்ணன் இருந்திருந்தா காபி கேட்டிருப்பான்.

அம்மா என்னைப் பாக்குறப்பல்லாம், "உன் கமிட்டி என்னடி சொல்லுச்சு?"ங்கிறாங்க. படிவத்துல கிடங்கோட முகவரியை எழுதுனது நான்தான்கிறதை இன்னும் அவங்ககிட்ட சொல்லல.

மத்தவங்க படிச்சா அது சாதாரண வரி. நான் உங்க ரசிகை. அந்த வரி எப்படிச் செய்வீங்கன்னு நீங்களே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பதினாலாம் தேதின்னு நாள் குறிச்சது யாரு?

ஐ.நா.


ஜூலை 12

தங்கைக்கு,

நான்தான்.

பதில் அனுப்பக் கெடு ஜூன் பதினேழு. தட்டச்சு, கையெழுத்து, முத்திரை எல்லாவற்றுக்கும் மூன்று நாள் வேண்டும். "என்னிக்குப் போய்ப் பாக்கலாம்?" என்று இயக்குநர் கேட்டார். பதினான்கு என்றேன். அது வெறும் கணக்கு என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். அவர் என் முன்னாலேயே போனை எடுத்தார். "பதினாலாம் தேதி வர்றோம். சுத்தமா வெச்சிருங்க." அப்போதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். கையில் பேனா இருந்தது. என்னிடம் கேட்டது தேதி மட்டும்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உன் அண்ணனை இடம் மாற்றினால் புது இடத்தில் ஏதாவது ஒரு தாளில் பெயர் எழுதித்தானே ஆக வேண்டும், அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்றும் நினைத்தேன். தேடிவிட்டேன். எந்தத் தாளிலும் இல்லை. கேட்டால் எல்லோரும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. நான்கு முறை படித்துப் பார்த்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கூச்சப்படுகிற ஒரு ஆள்தான் மொத்த சிஸ்டமும் என்று எழுதினாயே. கூச்சம் வந்தது, தங்கை. வந்த பிறகும் தட்டச்சு செய்தேன்.

அடுத்த அறிக்கையின் வரைவு போன வாரம் மேலே போனது. நாற்பத்தேழாவது பத்தியில் "அண்மையில்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். நீ சொன்னதற்காக. யாரும் கவனிக்கவில்லை, அப்படியே கையெழுத்தாகி வந்துவிட்டது. என்னால் முடிந்தது அதுதான்.

உன் பாதுகாப்புக்காகச் சொல்கிறேன், இனி இந்த முகவரிக்கு எழுதாதே. உன் கடிதங்களை நான் கிழிக்கவில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து


மேடம்,

"அண்மையில்"ங்கிறதை எடுத்துட்டீங்களா. நன்றி. அதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

எழுதாதேன்னு சொல்லியிருக்கீங்க. இது ஒண்ணுதான். குரூப்லருந்து வெளிய வந்துட்டேன். கடையில இப்ப காதுல எதுவும் மாட்டுறதில்லை. போன வாரம் ஒருத்தர் வந்து, "தண்ணியில விழுந்த போன், உயிர் வருமா?"ன்னு கேட்டார். வாய் வரைக்கும் வந்துச்சு, "பாத்த அன்னிக்கு உயிர் இல்லை"ன்னு. உங்க வேலை இவ்வளவு சுலபமா கைக்கு வந்துடுதேன்னு பயந்து உள்ள ஓடிட்டேன்.

அண்ணன் எங்கன்னு இன்னும் தெரியல. கூட்டாளி டிரைவரும் இப்ப நான் போனா முகத்தைத் திருப்பிக்கிறார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

இந்தக் கடிதத்துக்கு மேல தேதி போடல, பாத்திருப்பீங்க. மறந்து விட்டது இல்லை. தேதி போட்டா அந்த ஒரு நாளைக்கு மட்டும் நிஜம்னு ஆக்கிடுவீங்க. கீழ பேரும் போடல. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆளு வந்து கூப்பிடட்டும், போட்டுக்குறேன்.

உங்க மேசையில எந்தக் கோப்புலயாவது, எந்தத் தாளோட ஓரத்துலயாவது, பென்சில்லயாவது இதை எழுதி வெச்சிருங்க. யாரும் படிக்க வேண்டாம்.

எங்க அண்ணன் அந்தக் கிடங்குல இருந்தான். நீலச் சட்டை போட்டிருந்தான்.